ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கொறிக்கும் பழக்கம்: விட்டவர்கள், விட முயல்பவர்கள் சொல்லுங்கள்

சாத்தூர்க்காரி:

நான் வாக்கப்பட்டு வந்த ஊர் சாத்தூர். காராசேவு இல்லாத வீட்டை இங்கே தேடித்தான் பார்க்க வேண்டும். பக்கத்தில் கோவில்பட்டி, அந்த ஊர்க் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. இந்தப் பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. யார் வீட்டுக்கு வந்தாலும் கையில் ஒரு பொட்டலம் இருக்கும். வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க முடியுமா?

எட்டரை மணிக்கு இட்லி சாப்பிட்டு, பாத்திரம் ஒதுக்கிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தால் ஒன்பதரைக்கெல்லாம் வாய் நமநமவென்று இருக்கும். சம்படம் வரும். அவர் ஒரு கை, நான் ஒரு கை, பையன் ஒரு கை. மூடியைத் திறந்ததும் பூண்டும் மிளகாயும் மணக்கிற மணத்தில் ஒரு கையோடு யாரும் நிறுத்துவதில்லை. ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் காராசேவு, 150 கலோரிக்குக் குறையாது. சாப்பிட்ட மூன்று இட்லிக்கு மேல் இன்னும் மூன்று இட்லி சாப்பிட்ட கணக்குதான் அது.

அவருடைய மூன்று மாத சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 6.2 சதவீதம் என்று வந்தது. 5.7-லிருந்து 6.4 வரை சர்க்கரை வியாதிக்கு முந்தைய நிலை என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்துதான் இதைக் கூர்ந்து கவனிக்க ஆரம்பித்தேன்.

கவனித்ததில் ஒன்று தெரிந்தது. ஒன்பதரை மணிப் பசி ஒன்பதரைக்குத் தொடங்குவதில்லை. அவர் மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டால், சாயங்காலம் கடையில் ஒரு டீ மட்டும். ராத்திரிக்கு மூன்று இட்லி, தண்ணீராய் ஒரு சட்னி. பருப்பும் இல்லை, காயும் இல்லை. அந்த வயிறு கேட்காமல் என்ன செய்யும்? அவரைப் போய் வாயைக் கட்டச் சொல்வது நியாயமே இல்லை என்று பட்டது.

சம்படத்தைப் பரணில் ஏற்றுவதை விட்டுவிட்டு, ஐந்து மணியைச் சரி செய்தேன். கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, பச்சைப்பயறு என்று ஏதாவது ஒரு சுண்டல், இல்லையென்றால் வேகவைத்த நிலக்கடலை. ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்கு. இட்லி இரண்டுதான், ஆனால் பருப்பு கெட்டியாகப் போட்ட சாம்பார் ஒரு கிண்ணம், கூட ஒரு பொரியல் அல்லது முட்டை. வாரத்தில் சில நாள் அடை. சாப்பிட்டதும் எல்லோரும் பல் தேய்த்துவிடுவோம். பல் தேய்த்த வாயில் காராசேவு அவ்வளவாக ருசிப்பதில்லை.

முதல் சில நாட்கள் பையன் சிணுங்கினான். அப்புறம் கேட்பது குறைந்தது. இப்போது காராசேவு ஐந்து மணி டீயோடு, சின்னக் கிண்ணத்தில் வருகிறது. ராத்திரியில் வருவதில்லை.

இரவுப் பணி நர்ஸ், மதுரை:

அக்கா, ஒன்பதரை மணிப் பசி ஒன்பதரைக்குத் தொடங்குவதில்லை என்றீர்களே, அதோடு இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன். உடம்புக்குள் இருக்கும் கடிகாரமே ராத்திரிப் பசியைத் தூண்டுகிறது. 2013-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. வெளிச்சம், தூக்கம், சாப்பாடு எல்லாவற்றையும் சீராக்கி வைத்துப் பார்த்தார்கள். அப்படியும் பசி காலை எட்டு மணி வாக்கில் குறைவாகவும் ராத்திரி எட்டு மணி வாக்கில் அதிகமாகவும் இருந்தது. இனிப்பு, உப்பு, மாவுப் பண்டங்கள் மீது ஆசையும் அந்த நேரத்தில்தான் ஏறியது. அதனால் "எனக்கு மட்டும் மனக்கட்டுப்பாடு இல்லை" என்று யாரும் குறைபட்டுக்கொள்ள வேண்டாம்.

2022-இல் பாஸ்டனில் உள்ள பிரிகாம் மருத்துவமனையில் எடை கூடிய 16 பேரை வைத்து இன்னொன்று செய்தார்கள். அதே சாப்பாடு, அதே அளவு. நேரத்தை மட்டும் நான்கு மணி நேரம் தள்ளி வைத்தார்கள். நேரம் தள்ளிச் சாப்பிட்ட நாட்களில் பசி கூடியது, வயிறு நிறைந்ததைச் சொல்லும் லெப்டின் குறைந்தது, உடம்பு எரிக்கும் கலோரியும் குறைந்தது. நீங்கள் எட்டரையை ஏழரை ஆக்கியது நல்ல காரியம்.

எங்களைப் போல ஷிப்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இது இன்னும் சிரமம். வார்டில் ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவர் பிஸ்கட் பாக்கெட் பிரித்தால் போதும், எல்லோர் கையும் நீளும். பகலில் சரியாகத் தூங்காத நாளில் எனக்கு இனிப்பு தேடுவது இரண்டு மடங்காகிவிடும். அதற்கும் காரணம் இருக்கிறது. 2004-இல் சிகாகோவில், இரண்டு இரவு நான்கு மணி நேரமே தூங்கிய இளைஞர்களுக்கு லெப்டின் 18 சதவீதம் இறங்கியது, பசியைக் கிளப்பும் கிரெலின் 28 சதவீதம் ஏறியது. அதனால் டூட்டி முடிந்து வந்ததும் ஜன்னலில் கெட்டித் திரை போட்டுத் தூக்கத்தைத்தான் முதலில் பிடிக்கிறேன். வேலைக்குக் கிளம்பும் முன் தயிர் சாதம் வேண்டாம், முட்டையோடு சப்பாத்தி. ஆளுக்கு ஆள் மாறும். எனக்கு இது ஒத்துவருகிறது.

கும்பகோணம், ஓய்வு பெற்ற ஆசிரியர்:

இரண்டு தங்கைகளும் நன்றாகச் சொன்னீர்கள். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களுக்காக ஒன்று சொல்லியே ஆக வேண்டும். தயவுசெய்து இதை வேகமாகக் கடந்து போய்விடாதீர்கள்.

என் தம்பி இன்சுலின் போடுகிறவர். கிளிமிப்பிரைடு மாத்திரையும் உண்டு. படுக்கும் முன் இரண்டு பிஸ்கட்டும் பாலும் அவருக்கு வழக்கம். ராத்திரி ஏழுக்கு மேல் எதுவும் சாப்பிடக் கூடாது என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்து அதை நிறுத்திவிட்டார். மருந்து அளவு பழையபடிதான். நடுராத்திரி உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறியது. மிஷினில் குத்திப் பார்த்தால் ரத்தச் சர்க்கரை 54. நல்லவேளை, அவர் மனைவிக்கு விவரம் தெரியும். மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தார். ஏறியிருந்தது.

ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனாலே தாழ்நிலைதான். மெட்பார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த அபாயம் குறைவு. இன்சுலின் போடுபவர்களும், கிளிமிப்பிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை எடுப்பவர்களும் ராத்திரித் தின்பண்டத்தை நிறுத்தும் முன் டாக்டரிடம் கேட்டு மருந்தைச் சரி செய்துகொள்ளுங்கள். தம்பிக்கு டாக்டர் ராத்திரி அளவைக் குறைத்தார். இப்போது பிஸ்கட் இல்லாமலே தூங்குகிறார்.

புதிய உறுப்பினர், ஈரோடு:

எனக்கு வேறு மாதிரி. சாப்பிட்டுத் தூங்கிவிடுகிறேன். நடுவில் விழிப்பு வந்தால் எதையாவது தின்னாமல் திரும்பத் தூக்கம் வருவதில்லை. காலையில் பசியே இருக்காது. இதற்கும் சுண்டல்தான் வழியா அக்கா?

இரவுப் பணி நர்ஸ், மதுரை:

இல்லைங்க, உங்களுடையது வேறாக இருக்கலாம். ஒருநாளைய சாப்பாட்டில் கால்பங்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போவது அல்லது வாரத்தில் இரண்டு தடவையாவது எழுந்து தின்பது, கூடவே காலையில் பசியின்மை, தூக்கக் கோளாறு, சாயங்காலம் மனசு சோர்வது. இப்படிச் சேர்ந்து வந்தால் அதற்கென்று தனிப் பெயரே உண்டு, இரவு உண்ணும் கோளாறு (night eating syndrome). ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1955-இலேயே இதை எழுதிவைத்தார். வெட்கப்படுகிற விஷயமே இல்லை, சிகிச்சை இருக்கிறது. மனநல மருத்துவரையோ, முதலில் உங்கள் குடும்ப டாக்டரையோ பாருங்கள். தூக்க மாத்திரை ஏதாவது எடுக்கிறீர்கள் என்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். சில தூக்க மாத்திரைகளால் தூக்கத்திலேயே எழுந்து சாப்பிடுவதும் உண்டு.

சாத்தூர்க்காரி:

தம்பி, அவங்க சொல்வதுதான் சரி, முதலில் டாக்டரைப் பாருங்கள்.

ஆசிரியர் ஐயாவுக்கு நன்றி. எங்க மாமனாரும் கிளிமிப்பிரைடு எடுக்கிறார், நாளைக்கே கேட்டுவிடுகிறேன்.

விருந்தாளி கொண்டுவரும் பொட்டலத்தை என்ன செய்வது என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். வந்தவர்கள் இருக்கும்போதே பிரித்து, டீயோடு எல்லோருக்கும் வைத்துவிடுகிறேன். கொண்டுவந்தவர்களுக்கும் சந்தோஷம். மிச்சத்தை மறுநாள் எங்கள் கடையில் வேலை பார்ப்பவர்களுக்குக் கொடுத்துவிடுகிறோம். சுண்டலுக்குக் கொண்டைக்கடலையை முதல்நாள் ராத்திரியே ஊறப்போட்டு, காலையில் தண்ணீர் வடித்து வைத்துவிடுங்கள். நாலரைக்கு ஐந்து விசில் விட்டால் ஐந்தேகாலுக்குத் தாளித்து இறக்கிவிடலாம்.