நெக்ஸ்ட் ஜெனரேஷன் மறுபடியும்: முதல் பருவத்தைத் தாண்டலாமா?

கேள்வி:
‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ விண்வெளித் தொடரை மறுபடி பார்க்கிறேன். 7 பருவங்கள், 178 பகுதிகள். முதல் பருவம் நகரவே மாட்டேன் என்கிறது. பக்கத்தில் மகள் வேறு உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்கு அலுத்துவிடக் கூடாது. தாண்டிப் போகலாமா?

பதில் 1:
தாராளமாக. மூன்றாம் பருவத்தில் தொடங்குங்கள். அப்புறம் 1992-இல் வந்த ‘தி இன்னர் லைட்’ பகுதியைக் கட்டாயம் காட்டுங்கள். விண்கலத்தின் கேப்டன் பிக்கார்ட் மயங்கிக் கிடப்பது அரை மணி நேரம்கூட இல்லை. அதற்குள் வேறொரு கிரகத்தில் மனைவி, பிள்ளைகள், பேரன் என்று முழு ஆயுளையும் வாழ்ந்துவிடுகிறார். கடைசியில், அந்த வாழ்க்கையில் தான் வாசித்த குழலை மார்போடு அணைத்துக்கொள்வார் பாருங்கள், எனக்கு ஒவ்வொரு முறையும் கண் கலங்கிவிடும்.

பதில் 2:
பழைய டிவிடி என்றால் ப்ளூ-ரேக்கு மாறுங்கள். 35 மி.மீ. ஃபிலிமில் எடுத்தாலும் வீடியோ டேப்பில்தான் தொகுத்தார்கள், அதனால்தான் அந்த மங்கல். ப்ளூ-ரேக்காக மூல நெகட்டிவ்களை மறுபடி ஸ்கேன் செய்து, ஒவ்வொரு காட்சியாகத் திரும்பத் தொகுத்தார்கள்.

கேள்வி கேட்டவர்:
நேற்று ‘தி இன்னர் லைட்’ பார்த்தோம். முடிந்ததும் மகள் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “அந்தக் குழல அவர் பத்திரமா வச்சிருப்பாராப்பா?” என்று கேட்டாள்.