புதுப்பிப்பு: ஓர்வியேட்டோவில் வாடகைக் கார்

இத்தாலியில் வாடகைக் காரை ரோமிலேயே எடுப்பதா, மலை நகரமான ஓர்வியேட்டோ போய் எடுப்பதா என்று முன்பு கேட்டிருந்தேன். ஓர்வியேட்டோவிலேயே எடுத்தோம். ரோமிலிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். தலைநகரப் போக்குவரத்தில் சிக்கும் தொல்லை இல்லை.

ரயில் நிலையம் மலையடிவாரத்தில் இருக்கிறது. ஊர் மேலே, எரிமலைப் பாறையின் உச்சியில். இரண்டையும் இணைக்கும் கேபிள் ரயில் 1888-இல் தண்ணீரின் எடையால் இயங்கத் தொடங்கியது, இப்போது மின்சாரத்தில் ஓடுகிறது. காரை அடிவாரத்தில் எடுப்பதே நல்லது, ஏனென்றால் பழைய நகரத்தின் பெரும்பகுதி, அனுமதியில்லாத கார்கள் நுழையக் கூடாத கட்டுப்பாட்டு மண்டலம். நுழைவில் கேமரா எண் பலகையைப் படம் பிடிக்கும். அபராதச் சீட்டு பல மாதம் கழித்துக்கூட வீடு தேடி வரும்; வாடகை நிறுவனம் தன் பங்குக்குத் தனிக் கட்டணம் பிடிக்கும். மேலே போக வேண்டுமானால் காம்போ தெல்லா ஃபியேரா நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு நகரும் படிக்கட்டில் ஏறலாம்.

கார் நிறுத்தும் இடங்களில் வெள்ளைக் கோடு இலவசம், நீலம் கட்டணம், மஞ்சள் நமக்கில்லை.

நாங்கள் எடுத்த அலுவலகத்துக்கு நீண்ட மதிய இடைவேளை உண்டு, ஞாயிறு விடுமுறை. ரயில் நேரத்தை அதற்கேற்பப் பாருங்கள். இந்திய உரிமத்துடன் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் கேட்டார்கள். வைப்புத் தொகைக்கு ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும். ஆட்டோமேட்டிக் கார் கிடைக்கவில்லை. கியர் பழகாதவர்கள் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

பக்கத்தில் குன்றின் மேல் இருக்கும் சிற்றூரான சிவித்தா தி பாஞோரெஜோவுக்கும் போனோம். அங்கே கடைசித் தூரம் நடைபாலம்தான்.