எம்எக்ஸ்-5 காரில் பில்லி அலமாரி: ஏற்றலாமா, கூடாதா?

திறந்தகூரை:
நேற்று லண்டன் வெம்பிளியில் உள்ள ஐகியா அறைகலன் கடையில் 202 செ.மீ. உயரமுள்ள பில்லி புத்தக அலமாரியை, பலகைகளாகப் பெட்டியில் அடைத்தபடி வாங்கி, இரண்டே இருக்கை உள்ள என் 2017 மஸ்டா எம்எக்ஸ்-5 காரிலேயே ஹாரோவுக்குக் கொண்டுவந்தேன். கூரையை மடித்தேன். பெட்டியின் அடியைப் பக்க இருக்கையின் கால் வைக்கும் இடத்தில் ஊன்றி, மேல்முனையை டிக்கி மூடியில் போர்வை விரித்துச் சாய்த்தேன். சீட் பெல்ட்டையும் மாட்டினேன். ஒரு சிக்கலும் இல்லை. சாமான் ஏற்றத்தான் எஸ்யூவி என்று சொல்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். வருடத்தில் நான்கைந்து நாள் தேவைக்காக மற்ற நாளெல்லாம் இரண்டு டன் வண்டி எதற்கு? 130 லிட்டர் டிக்கி போதாதபோது, இந்தக் காரில் வானம் வரை இடம் இருக்கிறது.

பாரவண்டி:
தம்பி, நான் லாரி ஓட்டுகிறவன். பெட்டி உள்ளே போய்விட்டது, சரி. கட்டினீர்களா? மணிக்கு 30 மைல் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி அரை மீட்டருக்குள் நின்றால், உள்ளே இருப்பதெல்லாம் தன் எடையைப் போல 18 மடங்கு விசையோடு முன்னே பாயும். 30 கிலோ பெட்டி என்றாலே 500 கிலோவைத் தாண்டுகிறது. சீட் பெல்ட் மனித உடம்புக்காகச் செய்தது, வழவழப்பான அட்டை அதில் நழுவிவிடும். முன்னால் காற்றுப்பை வேறு. அது விரிந்தால் பெட்டி எந்தப் பக்கம் திரும்பும்? உங்கள் தலை ஒரு முழம் தள்ளித்தான் இருக்கிறது.

இன்னொன்று. இங்கே பயணி இருக்கை இடப்பக்கம். இடது கண்ணாடி தெரிந்ததா? சைக்கிள்கள் அந்தப் பக்கமாகத்தான் வரும்.

திறந்தகூரை:
அண்ணா, அந்த இருக்கை 75 கிலோ ஆளுக்காகச் செய்தது. 20 மைலைத் தாண்டவே இல்லை. பெட்டி பின் பம்பருக்கு வெளியே நீட்டவும் இல்லை. பின்னால் 1 மீட்டருக்கு மேல் நீட்டினால்தானே பிரிட்டனில் அடையாளம் கட்டச் சொல்கிறார்கள்?

பாரவண்டி:
அது நீளத்துக்கான விதி. சுமையை ஆபத்தான விதத்தில் ஏற்றினால், நீளம் பார்க்காமலே வழக்குப் போடலாம். அபராதத்தோடு ஓட்டுநர் உரிமத்தில் 3 தண்டனைப் புள்ளி. 20 மைலில் விசை பாதிக்கும் கீழே குறையும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் பின்னால் வரும் வேனும் 20-ல் வருமா?

வீணைக்காரி:
நான் திறந்தகூரை பக்கம். என்னிடம் இருப்பது 1994 எம்எக்ஸ்-5. அதில்தான் தஞ்சாவூர் வீணையைக் கச்சேரிக்குக் கொண்டுபோகிறேன். நாலடி நீளம். குடம் இருக்கையில் மெத்தை மேல் உட்காரும், யாளி முகம் தலைசாய்ப்பின் பக்கம். பெல்ட்டோடு இரண்டு பட்டையும் கட்டுவேன். ஒரு குண்டுக்குழியிலும் அசைந்ததில்லை.

ஆனால் அலமாரியைப் பெட்டியோடு ஏற்றியது எனக்கும் பிடிக்கவில்லை. 1956-ல் ஐகியாவில் வேலை பார்த்த கில்லிஸ் லுண்ட்கிரென் ஒரு மேசையைக் காரில் ஏற்ற முடியாமல் கால்களைக் கழற்றினார். கழற்றி விற்கும் யோசனை அங்கிருந்து வளர்ந்ததென்று அந்த நிறுவனமே சொல்கிறது. பிற்பாடு பில்லியை வடிவமைத்தவரும் அவர்தான். நீங்கள் கார் நிறுத்துமிடத்திலேயே பெட்டியைப் பிரித்திருக்கலாம். குட்டைத் தட்டுகளைக் கீழேயும் டிக்கியிலுமாகப் பிரித்து வைத்தால் இருக்கையில் நீளப் பலகைகள் மட்டுமே மிஞ்சும். பாதிச் சுமை இறங்கிவிடும், கண்ணாடியும் மறையாது.

பாரவண்டி:
அக்கா சொல்வது வேறு விஷயம், அதை நான் எதிர்க்கவில்லை. பலகைகளை ஒன்றாகச் சேர்த்து இறுக்கிக் கட்டினால் போகலாம். ஆனாலும் இரண்டு மீட்டர் பலகைக்கு நான் வேன்தான் எடுப்பேன்.

திறந்தகூரை:
கண்ணாடி விஷயத்தில் நீங்கள் சொன்னது உண்மை, அண்ணா. ஹாரோவில் இடப்பக்கம் திரும்பும்போது ஒரு சைக்கிள்காரரைக் கடைசி நொடியில்தான் பார்த்தேன். ஒரு சிக்கலும் இல்லை என்று எழுதியது தவறு. ஆனால் காரை மாற்ற மாட்டேன். அடுத்த மாதம் கால் கழற்றும் மேசை ஒன்று வாங்கப்போகிறேன். பட்டையின் கொக்கியை எங்கே மாட்டுவது?

பாரவண்டி:
இருக்கையைத் தரையோடு பிடித்திருக்கும் இரும்புத் தண்டவாளத்தில். கதவுக் கைப்பிடியில் மாட்டாதீர்கள், தலைசாய்ப்பிலும் வேண்டாம். ஒரு மைல் ஓட்டிவிட்டு நிறுத்தி, பட்டையை மறுபடி இறுக்குங்கள். அட்டை நசுங்கியதும் முதல் கட்டு தளர்ந்துவிடும்.