தாடைக்கு வெளிய ராடு போட்டிருக்காங்க, ஆடாம நிக்குமா?

பாலக்கோட்டான்:
தொப்பூர் கணவாய்ல வண்டில விழுந்து மச்சானுக்கு கீழ்த்தாடை நொறுங்கிடுச்சுங்க. உள்ள பிளேட் வைக்காம கன்னத்துல நாலு பின் இறக்கி வெளிய ஒரு ராடு மாட்டியிருக்காங்க, அதுவும் தோலுக்கு ஒரு விரல் தள்ளி நிக்குது, பேசுறப்ப கூழ் குடிக்கிறப்ப இதெல்லாம் நகராதா? ஊர்ல ஒருத்தர் புத்தூர் கட்டு போடுங்கறாரு.

பல்லு_பிஜி:
தாடைக்கு புத்தூர் கட்டா, வேணவே வேணாம்ணா. நொறுங்குன இடத்துல பிளேட் வைக்கணும்னா சதைய விலக்கி திறக்கணும், எலும்பு மேல இருக்கற சவ்வு உரிஞ்சா துண்டுகளுக்கு ரத்த ஓட்டம் போயிடும், அதான் நடுவுல கை வைக்காம ரெண்டு பக்கமும் நல்ல எலும்புல பின் போட்டிருப்பாங்க. பக்கத்துக்கு ரெண்டு பின்னாவது வேணும், ஒண்ணே ஒண்ணுன்னா அதையே அச்சா வச்சு துண்டு சுத்தும். அந்த ரெண்டும் பந்தக்கால் மாதிரி தள்ளித் தள்ளி இருந்தாதான் பிடிப்பு. தடிமன் ரொம்ப முக்கியம்ணா, விட்டத்தோட நாலாம் அடுக்குல கெட்டி ஏறும், 2 மிமீ பின்னுக்கு பதிலா 3 மிமீ போட்டா கிட்டத்தட்ட 5 மடங்கு. ராடு கிட்ட வந்து பின்னோட நீளம் பாதியானா 8 மடங்கு. அதுக்காக தோல்ல ஒட்டி வச்சா வீங்குறப்ப அழுத்தும், சுத்தம் பண்ணவும் முடியாது, ஒரு விரல் இடைவெளி சரிதான்.

வார்டு_அக்கா:
ராடு உடையறத விட பின்னும் எலும்பும் சேர்ற இடம் லூசாகறதுதான் அதிகம் தம்பி. துளை போடறப்ப 47 டிகிரி சூடு ஒரு நிமிஷம் நின்னாலே எலும்பு கெட ஆரம்பிச்சிடும், அதான் சலைன் ஊத்திக்கிட்டே மெதுவா போடுவாங்க. அது டாக்டர் பாடு, கிருமி வராம பாக்கறது உங்க பாடு. சொல்லிக் கொடுத்த மாதிரி தினமும் பின் அடில தொடைங்க. சிவப்பு, சீழ், பின் ஆட்டம், இல்ல கடிக்கறப்ப மேல்பல்லும் கீழ்பல்லும் முன்ன மாதிரி சேரலன்னா அன்னைக்கே காட்டுங்க. நட்டு லூசா தெரிஞ்சா நீங்களே ஸ்பானர் போட்றாதீங்க, தாடையே எடம் மாறிடும்.

பாலக்கோட்டான்:
சரிங்க்கா, புத்தூர்காரர்கிட்ட நானே சொல்லிக்கறேன். திங்கக்கிழமை செக்கப்புக்கு தர்மபுரிக்கு டவுன் பஸ்ல கூட்டிட்டு போலாமா? களி கேட்டு அடம் வேற.

வார்டு_அக்கா:
கூட்டத்துல யாரோட முழங்கை பட்டாலும் ராடுலதான் இடிக்கும், ஆட்டோ பேசிக்கங்க. களி இப்ப கிடையாது, கூழ வடிகட்டி தண்ணியா கொடுங்க.