புகை வந்து வேல நின்னா அந்த நாள் கூலி யாரு தரணும்? உங்களுக்கு நடந்தத எழுதுங்க

குலசேகரத்துக்காரி:

எங்க குடும்பத்துல ரெண்டு பேருக்கு ஒரே சங்கதி நடந்துருக்கு, ஒண்ணு கலிஃபோர்னியாவுல, ஒண்ணு நம்ம ஊர்லயே, அதான் எல்லார்ட்டயும் கேக்கலாம்னு எழுதுகேன்.

என் கொழுந்தனுக்கு அங்க ஒரு குடோன்ல வேல, மணிக்கூர் கணக்குக்கு சம்பளம். அவன் வீட்டுக்காரி கம்ப்யூட்டர் கம்பெனி, சம்பளம் நெலையா வரும். 2020ல காட்டுத்தீ புகை வந்து செப்டம்பர் 9ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோ பக்கம் பகல்லயே வானம் ஆரஞ்சு கலர்ல இருண்டு கெடந்துச்சே, அந்த வாரம் ரெண்டு எடமும் அடச்சாவ. அவளுக்கு ஒரு பைசா கொறயல, அவனுக்கு அடச்ச நாளுக்கு ஒண்ணுமே வரல. ஒரே வீடு, ஒரே புகை. கேட்டா சட்டமே அப்பிடித்தானாம். ஓவர்டைம் கெடையாத சம்பளக்காரங்க அந்த வாரத்துல கொஞ்ச நேரம் வேல செஞ்சிருந்தாலும், முதலாளி அடச்சதுக்காக சம்பளத்த பிடிக்கப்பிடாது, வேணும்னா லீவு கணக்குல கழிச்சுக்கலாம். மணிக்கூர் கணக்குன்னா செஞ்ச நேரத்துக்கு மட்டுந்தான். கலிஃபோர்னியாவுல வேலைக்கு வரச்சொல்லிட்டு திருப்பி அனுப்புனா ஷிஃப்டுல பாதி, குறஞ்சது 2 மணிக்கூர், கூடிப்போனா 4 மணிக்கூர் சம்பளம் உண்டு, ஆனா இயற்கைச் சீற்றம்னோ அதிகாரிமாரு அடைக்கச் சொன்னாவன்னோ வந்தா அதுவும் கெடையாது. புகையில ஏக்யூஐ, அதாவது காத்துல மாசு எவ்வளவுன்னு சொல்லுக நம்பர், 151 ஆச்சுன்னா வெளிய நின்னு வேல செய்யுறவங்களுக்கு என்95 மாஸ்க் குடுக்கணும்னு ரூல் போட்டுருக்காவ, ரொம்ப நல்ல காரியம். ஆனா வேலைய நிறுத்துனா அந்த நாள் அடுப்பு எப்பிடி எரியும்னு அந்த ரூல்ல இல்ல.

இங்க நடந்தது சித்தி மகளுக்கு. அண்டி ஆபீசுல, அதாவது முந்திரி ஃபேக்டரியில, பருப்புத் தோல் உரிக்குற பீலிங் வேல, கிலோ கணக்குக்கு கூலி. போன கோடையில பக்கத்து மலையில தீ பிடிச்சு புகை மொத்தமும் ஆபீசுக்குள்ள எறங்கிட்டு, பெண்ணுவ இருமி இருமி வாந்தியெடுத்தாவ, மேனேஜர் வந்து எல்லாரும் வீட்டுக்கு போங்க, சொல்லி அனுப்புகோம்னு சொன்னாரு. அனுப்புனது சரிதான், அதுல எனக்கு குறையில்ல. ஆனா சனிக்கிழமை கூலி வாங்கப் போனா அடச்ச நாளு கணக்குலயே இல்ல. நாங்க வேலைக்கு வந்து நின்னோமேன்னு கேட்டதுக்கு, "பருப்பு எடுத்தியா, எடுக்கலல்லா" அப்பிடின்னு பதில். இது நியாயமா?

கருங்கல்காரன்:

அக்கா, எனக்கு கொச்சியில. 2023 மார்ச் 2ஆம் தேதி பிரம்மபுரம் குப்பைக் கிடங்குல தீ பிடிச்சது ஓர்ம இருக்குல்லா, பத்து நாளுக்கு மேல பொகஞ்சது. காட்டுத்தீ இல்லன்னாலும் புகை புகைதானே. நான் ஒரு கட்டட வேலையில டைல்ஸ் போட்டுட்டு இருந்தேன், எங்க கூட்டத்துல பாதி பேரு நம்ம குமரி ஜில்லா. பிள்ளைகளுக்கு பள்ளிக்கூடம் லீவு விட்டாவ, ஐடி கம்பெனிக்காரன் வீட்டுல இருந்து வேல செஞ்சான், எங்கள காண்ட்ராக்டர் ரூம்ல இருங்கன்னு சொல்லிட்டு போனை எடுக்கவே இல்ல. ரூம் வாடகை, சாப்பாட்டுச் செலவு எல்லாம் நம்ம கையில இருந்து. பெறவு பசுமைத் தீர்ப்பாயம் கொச்சி மாநகராட்சிக்கு 100 கோடி அபராதம் போட்டதுன்னு பேப்பர்ல பாத்தேன். அந்த நாளு கூலி போன ஆளுவளப் பத்தி யாரும் ஒரு வார்த்த பேசல, அது எனக்கு இன்னைக்கும் மனசுல கெடக்கு.

தோவாளை அண்ணாச்சி:

மக்கா, நான் ஒரு மில்லுல டைம்கீப்பரா இருந்து ரிட்டயர் ஆனவன், சங்கத்துலயும் இருந்தேன். கொஞ்சம் நீளமா எழுதுதேன், பொறுமையா படிங்க.

வேலைக்கு ஆளு ரெடி, முதலாளியால வேல குடுக்க முடியல, இதுக்கு சட்டத்துல லே-ஆஃப்னு பேரு. கரண்டு இல்ல, சரக்கு இல்ல, மிஷின் ரிப்பேருன்னு காரணம் அடுக்கிருக்கு, அதுல இயற்கைச் சீற்றமும் உண்டு. 1947ஆம் வருஷத்து தொழில் தகராறு சட்டம் 25சி பிரிவுப்படி அப்பிடி நிறுத்துன நாளுக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேத்து அதுல பாதி தரணும்னு இருந்துச்சு. 2025 நவம்பர் 21ல அமலுக்கு வந்த புதுச் சட்டத்தொகுப்புலயும் அந்த பாதி அப்பிடியேதான் இருக்கு.

ஆனா யாருக்கு? அங்கதான் நம்ம சனம் விழுந்து போகுது. 50 பேரோ அதுக்கு மேலயோ உள்ள ஃபேக்டரி, தோட்டமா இருக்கணும். நம்ம பேரு மஸ்டர் ரோல்ல, அதாவது கம்பெனியோட ஆள் பேரு பதிவேட்டுல, இருக்கணும், ஒரு வருஷம் சர்வீஸ் வேணும், அதாவது 12 மாசத்துல 240 நாளு. பதிலி ஆளுக்கும் கேஷுவலுக்கும் இல்ல. சீசன் கம்பெனிக்கும் இல்ல, அதனால சில பேரு எங்களுது சீசன் தொழில்னு சொல்லி நழுவப் பாப்பாவ. அது சீசனா இல்லையான்னு தகராறு வந்தா அரசாங்கந்தான் முடிவு சொல்லணும், முதலாளி இல்ல.

இன்னொரு காரியம் பல பேருக்கு தெரியாது. லே-ஆஃப்னா வீட்டுல இருந்திரப்பிடாது. வேல நேரத்துல தினமும் ஒரு தடவயாவது கேட்டுல போய் நின்னு ஆஜர் குடுக்கணும், குடுக்கலன்னா அந்த பாதியும் கெடையாது. 2017ல ஒக்கி புயல் அடிச்சப்போ கரண்டு கம்பம் எல்லாம் சாஞ்சு எங்க மில்லும் நின்னு போச்சு. ரோட்டுல மரம் விழுந்து கெடக்கு, பஸ் இல்ல, நாங்க ஒரு பத்து பதினஞ்சு பேரு நடந்தே போய் கேட்டுல நின்னோம். ஆபீஸ்ல ஆளே இல்ல, வாட்ச்மேன்ட்ட ஒரு நோட்டு வாங்கி தேதி போட்டு எல்லாரும் கையெழுத்து போட்டோம், வராதவங்க வீட்டுக்கும் ஆள் அனுப்பி நாளைக்கு வாங்கன்னு சொன்னோம். பெறவு மேனேஜ்மென்ட் நீங்க வரவே இல்லன்னு சொல்லிச்சு, அந்த நோட்ட எடுத்து மேசையில வச்சோம். பாதி வந்துச்சு. முழுசா வந்துருக்கணும்னு இன்னைக்கும் சொல்லுவேன், புயல எங்க பெண்ணு பிள்ளைகளா கூட்டிட்டு வந்தாவ? ஆனா அந்த நோட்டு இல்லன்னா பாதியும் இல்ல.

அதனால குலசேகரத்து பிள்ள, உன் தங்கச்சிட்ட சொல்லு: மேனேஜர் வீட்டுக்குப் போன்னு வாயால சொன்னா போதாது, போர்டுல எழுதி ஒட்டச் சொல்லணும். ஒட்டலன்னா அடச்சு கெடக்குற கேட்டு கதவ தேதியோட போட்டோ எடுத்து வையுங்க. மஸ்டர் ரோல்ல பேரு உண்டான்னு சந்தேகம் இருந்தா பிஎஃப் பாஸ்புக்க பாரு, மாசாமாசம் பணம் கட்டிருந்தா சர்வீஸுக்கு அது நல்ல சாட்சி.

பேச்சிப்பாறை:

எங்க அப்பா தனியார் தோட்டத்துல ரப்பர் பால்வெட்டு. மழைன்னாலும் வெட்டு இல்ல, புகைன்னாலும் இல்ல, வெட்டு இல்லன்னா கூலியும் இல்ல. பத்து மரக்காரன் தோட்டத்துல அண்ணாச்சி சொல்லுக மஸ்டர் ரோலுக்கு எங்க போறது? 50 பேருக்கு கீழ உள்ளவனுக்கும் பசிக்கும்லா. இதுக்கு நலவாரியம் வழியா ஏதாவது நாள்கணக்குல குடுத்தாத்தான் உண்டு, அத கேட்டு எழுதுறதுக்கு யாராவது முன்னால நின்னா நானும் வாறேன்.

குலசேகரத்துக்காரி:

அண்ணாச்சி, ரொம்ப நன்றி. நேத்து ராத்திரியே சித்தி மகள்ட்ட வாசிச்சு காட்டுனேன். அவளுக்கு பிஎஃப் பிடிக்காவ, பாஸ்புக்குல நாலு வருஷமா பணம் ஏறிருக்கு, அப்போ கேஷுவல்னு சொல்ல முடியாதுன்னு நெனக்கேன். புகை நாளு அவ மறுநாளும் போய் கேட்டுல நின்னுருக்கா, கூட வந்த பெண்ணுவ சாட்சி சொல்லுகோம்னு சொன்னாவ. வறுக்குற புகையில இத்தன காலம் நின்னவங்க, மலப் புகைக்கு பயந்து வீட்டுல இருந்தாவன்னு சொன்னா யாரு நம்புவா. நாகர்கோவில் தொழிலாளர் ஆபீசுல குடுக்க மனு எழுதுகோம். பேச்சிப்பாறை, உங்க சங்கதிய அதுல சேக்க முடியாது, ஆனா நலவாரியத்துக்கு தனியா ஒரு மனு போடலாம், நம்பர் இன்பாக்ஸ்ல அனுப்புங்க.