சாண்டா கிளாரா கவுண்டியின் புதிய விற்பனை வரி மருத்துவமனைகளுக்குத்தான் போகுமா?

சன்னிவேல்வாசி:
வணக்கம். நவம்பர் 2025 தேர்தலில் மெஷர் ஏ என்ற வரித் தீர்மானம் ஜெயித்துவிட்டதால் 2026 ஏப்ரல் 1 முதல் கவுண்டி (மாவட்டம்) முழுக்க விற்பனை வரி 0.625% கூடுகிறது. சான் ஹோசேயில் 9.375% இருந்தது 10% ஆகிவிடும். கவுண்டி மருத்துவமனைகளைக் காப்பாற்றத்தான் இந்த வரி என்றார்கள். ஆனால் இது பொது வரி, எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்கலாம் என்கிறார் நண்பர் ஒருவர். உண்மையா? அப்புறம், நான் எச்1பி வேலை விசாவில் இருக்கிறேன், கம்பெனி இன்ஷூரன்ஸ் இருக்கிறது, ஓட்டு கிடையாது. என்னைப் போன்றவர்களுக்கு இதனால் என்ன பயன்? குறையாகச் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். அடுத்த மாதம் கார் வாங்கும் எண்ணமும் உண்டு.

கணக்குப்பிள்ளை:
உங்கள் நண்பர் சொன்னது சரி. கலிஃபோர்னியாவில் 1996இல் மக்கள் ஓட்டில் வந்த ப்ராப் 218 சட்டப்படி, இன்ன செலவுக்கு மட்டும் என்று பூட்டுப் போட்ட வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும், பொது வரிக்குப் பாதிக்கு மேல் இருந்தால் போதும். மெஷர் ஏ பாதியைத் தாண்டியது, மூன்றில் இரண்டை எட்டவில்லை. பூட்டுப் போட்டு ஓட்டுக்கு விட்டிருந்தால் தோற்றிருக்கும். கவுண்டியை நிர்வகிக்கும் போர்டில் இருக்கும் ஐந்து சூப்பர்வைசர்களும் அது தெரிந்துதான் பொது வரியாகக் கொண்டுவந்தார்கள். ஐந்து வருடத்துக்கு மட்டும்தான், வருடத்துக்குச் சுமார் 33 கோடி டாலர் வரும் என்பது கணக்கு.

அரிசி, பருப்பு, காய்கறி, டாக்டர் சீட்டில் எழுதும் மருந்து இவற்றுக்கு இந்த வரி கிடையாது. ஹோட்டலில் சாப்பிடும் தோசைக்கு உண்டு. 40,000 டாலர் கார் என்றால் 250 டாலர் கூடும். வேறு கவுண்டியில் போய் வாங்கினாலும் வண்டியைப் பதிவு செய்யும் முகவரியை வைத்துத்தான் வரி, அதனால் மார்ச்சுக்குள் வாங்கிவிடுங்கள்.

ஆலம்ராக் அக்கா:
உங்களுக்கு என்ன பயன் என்பதற்கு நான் பதில் சொல்கிறேன். 101 நெடுஞ்சாலையில் பெரிய விபத்து நடந்தால் ஆம்புலன்ஸ்காரர் உங்கள் கம்பெனி எது என்று பார்த்து ஓட்டுவதில்லை, பலத்த காயத்துக்கு அவசர சிகிச்சை தரும் ட்ராமா சென்டர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஓட்டுவார். பாஸ்கம் அவென்யூவில் இருக்கும் வேலி மெடிக்கல் சென்டர், தீக்காயப் பிரிவும் ட்ராமா பிரிவும் உள்ள கவுண்டி ஆஸ்பத்திரி. எங்கள் பக்கம் ஜாக்சன் அவென்யூ ரீஜனல் மருத்துவமனையில் 2024இல் தனியார் நிர்வாகம் ட்ராமா சேவையைக் குறைத்தபோது கிழக்கு சான் ஹோசே ஜனங்கள் பயந்துபோனோம், 2025 ஏப்ரலில் கவுண்டியே அதை வாங்கியது. ஓகானர், கில்ராய் செயின்ட் லூயிஸ் இரண்டும் 2019இல் திவாலில் இருந்து மீட்டு வாங்கியவை. ஆக மொத்தம் கவுண்டி ஆஸ்பத்திரி நாலு.

இப்போது 2025 ஜூலையில் கையெழுத்தான மத்திய அரசுச் சட்டத்தால் வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேய்ட் (கலிஃபோர்னியாவில் அதன் பெயர் மெடிக்கேல்) பணம் குறைகிறது. 2027 தொடக்கத்தில் இருந்து அது கிடைக்கப் பலர் மாதம் 80 மணி நேரம் வேலை செய்ததைக் காட்ட வேண்டும். ஒரு வாரம் 30 மணி நேரம், அடுத்த வாரம் 10 மணி நேரம் என்று ஷிஃப்ட் கிடைக்கும் சமையற்கட்டு ஆள் அந்தப் பேப்பரை எங்கே போய் வாங்குவார்? மெடிக்கேல் போய்விட்டால் அவருக்கு நோய் வராமல் இருக்குமா, முற்றியபிறகு எமர்ஜென்சிக்கு வருவார். பணம் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என்பது 1986இல் இருந்து சட்டம். அந்தச் செலவு கவுண்டி தலையில்தான் விழும். எமர்ஜென்சியில் நெரிசல் கூடினால் நல்ல இன்ஷூரன்ஸ் வைத்திருப்பவரும் அதே வரிசையில்தான் காத்திருக்க வேண்டும். நம் ஆட்களில் கிரீன் கார்டில் வந்த அப்பா அம்மாவுக்கு ஐந்து வருடம் ஆகாமல் முதியோருக்கான மெடிகேர் காப்பீடு கிடைக்காது, அந்த இடைவெளியில் மெடிக்கேலை நம்பும் குடும்பங்களை எனக்கே தெரியும்.

மில்பிடாஸ் ராஜா:
அக்கா சொல்வது எல்லாம் சரி, ஆனாலும் நான் எதிர்த்துத்தான் ஓட்டுப் போட்டேன். சம்பளத்தில் பாதியைச் சேமிப்பவனுக்கு விற்பனை வரி உறைக்காது, வந்ததெல்லாம் செலவாகும் வீட்டில்தான் உறைக்கும். அந்த ஆஸ்பத்திரியை நம்பியிருக்கும் ஜனங்களிடமே கூடுதலாக வாங்குகிறோம். மத்திய அரசுப் பணம் குறைவதால் விழும் பள்ளமோ வருடம் 100 கோடி டாலருக்கு மேல் என்று கவுண்டியே சொன்னது, 33 கோடி அதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. பக்கத்து அலமீடா கவுண்டியைப் பாருங்கள். 2004இல் அரை சென்ட் வரியை மருத்துவத்துக்கு மட்டும் என்று பூட்டி, மூன்றில் இரண்டு பங்கு ஓட்டும் வாங்கினார்கள், 2014இல் அதையே 2034 வரை நீட்டினார்கள். முக்கால் பங்கு ஹைலேண்ட் மருத்துவமனையை நடத்தும் அமைப்புக்கு என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். இங்கே எழுத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

ஆலம்ராக் அக்கா:
ராஜா, ஜூலையில் சட்டம் வந்தது, நவம்பரில் தேர்தல். மூன்றில் இரண்டு பங்கு ஓட்டுக்கு ஊரைத் திரட்ட நாலு மாதம் போதாது. பூட்டு இல்லாதது எனக்கும் கவலைதான், அதனால்தான் பட்ஜெட்டைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும் என்கிறேன். ஜூலை 1இல் நிதியாண்டு தொடங்குகிறது, ஜூனில் போர்டு முடிவு செய்யும். அங்கே பொதுமக்கள் பேசலாம், யாரும் குடியுரிமை கேட்பதில்லை. சன்னிவேல்வாசி, ஓட்டு இல்லை என்றீர்களே, நீங்களும் வரலாம்.

சன்னிவேல்வாசி:
இது எனக்குத் தெரியாது. நேரில்தான் வர வேண்டுமா? எவ்வளவு நேரம் பேசலாம்?

ஆலம்ராக் அக்கா:
ஆன்லைனிலும் பேசலாம். பெரும்பாலும் ஓரிரு நிமிடம்தான், கூட்டம் அதிகமானால் இன்னும் குறைப்பார்கள். இந்த வரிப்பணத்தில் நாலு ஆஸ்பத்திரிக்கும் எவ்வளவு, மற்றதற்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்டச் சொல்லி அந்த ஒன்றை மட்டும் கேளுங்கள். நான் நேரில் போகிறேன்.