குடும்பக் குழுவில் ஒரு ரெகுலேட்டர் யோசனை

குழு: புதூர் – திருநகர் உறவுகள்
சனிக்கிழமை

நான் (மாலை 6:40)
அனைவருக்கும் வணக்கம். மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைக் கணக்கெடுப்புக்காக இனி மாதம் நான்கைந்து முறை மூழ்க வேண்டியிருப்பதால், வாடகை ரெகுலேட்டரை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். நண்பன் ஒருவன் தன்னுடையதை வெளியூர்ப் பட்டறை ஒன்றுக்குச் சர்வீசுக்கு அனுப்பிவிட்டு ஏழு வாரம் காத்திருந்ததைப் பார்த்த பிறகு, நானே பிரித்துக் கழுவி மாட்டக்கூடிய மாடலாகப் பார்த்து வாங்க விரும்புகிறேன். சித்தப்பாவும் தூத்துக்குடி மச்சானும் யோசனை சொல்ல வேண்டும்.

திருநகர் அத்தை (6:44)
ரெகுலேட்டர் என்றால் கேஸ் சிலிண்டரில் மாட்டுவதுதானே? ஏஜென்சியில் கொடுத்தால் மாற்றித் தருவார்களே.

புதூர் சித்தப்பா (6:52)
நீங்கள் சொல்வதிலும் பாதி சரிதான் அக்கா, அதுவும் அழுத்தத்தைக் குறைக்கிற கருவிதான். இவன் கேட்பது, கடலுக்குள் உருளைக் காற்றைச் சுவாசிக்க உதவும் கருவி. மருமகனே, இதில் எத்தனை பார் அழுத்தம் வருகிறது?

தூத்துக்குடி மச்சான் (7:05)
காற்று உருளை நிறைந்திருக்கும்போது 200 பார், மாமா. முதல் நிலை அதைக் குறைத்து, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட ஏறத்தாழ 9 முதல் 10 பார் மட்டும் கூடுதலாக வைத்துக் குழாயில் விடுகிறது; அதுதான் இடைநிலை அழுத்தம். வாயில் கடித்துக்கொள்ளும் இரண்டாம் நிலை, நாம் மூச்சை இழுக்கும்போது மட்டும் திறக்கிறது.

மாப்பிள்ளை, மாடலைத் தேடுவதற்கு முன்னால் அதன் சர்வீஸ் கிட்டைத் தேடு. பல நிறுவனங்கள் ஓ-ரிங் (ரப்பர் வளையம்), சீட் (காற்றை அடைக்கும் சிறு திண்டு) அடங்கிய கிட்டையும் சர்வீஸ் கையேட்டையும் தங்கள் அங்கீகாரம் பெற்ற பட்டறைகளுக்கே கொடுக்கின்றன. எவ்வளவு எளிதாகப் பிரிக்க முடிந்தாலும், உள்ளே போட வேண்டிய சீட் கைக்குக் கிடைக்காவிட்டால் அது உனக்கு உதவாது.

நான் (7:11)
சரி மச்சான். கிட் கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம், எந்த வகையை வாங்கலாம்?

தூத்துக்குடி மச்சான் (7:26)
பிரித்து மாட்டுவது மட்டுமே கணக்கு என்றால், ஸ்கூபாப்ரோ எம்கே2 போன்ற சமன்செய்யப்படாத பிஸ்டன் வகைக்கு நிகர் இல்லை. உடல், மூடி, ஒரு ஸ்பிரிங், ஒரு பிஸ்டன், அவ்வளவுதான். பிஸ்டனின் தலையில் ஓர் ஓ-ரிங்கும் தண்டில் ஓர் ஓ-ரிங்கும் இருக்கும், தண்டின் நுனியில் சீட் இருக்கும். உருளையில் காற்று குறையக் குறைய இடைநிலை அழுத்தமும் சற்று இறங்குவதால், மூழ்கலின் கடைசியில், அதுவும் ஆழத்தில், மூச்சிழுக்கக் கொஞ்சம் கனமாக இருக்கும் என்பது இதன் குறை. உன் பாறைகள் எல்லாம் ஆழம் குறைந்த இடத்தில் இருப்பதால் அந்தக் குறை உன்னைத் தொடாது.

ஆனால் நான் வைத்திருப்பது டயாஃப்ரம் வகை. பிஸ்டன் வகையில் ஸ்பிரிங் இருக்கும் அறைக்குள் கடல்நீர் நேராகப் புகுகிறது. நம் பக்கத்துக் கலங்கல் நீரில் மணலும் உப்பும் அங்கேயே தங்கிவிடும். டயாஃப்ரம் வகையில் ரப்பர்த் தகடு ஒன்று நடுவில் நின்று வால்வை நீர் அண்டாமல் காக்கிறது. அபெக்ஸ் டிஎஸ்4, பழைய கான்ஷெல்ஃப் ஆகிய இரண்டுமே இந்த வகைதான். உறுப்புகள் கூடுதல் என்றாலும், இடைநிலை அழுத்தத்தை ஆலன் சாவியைத் திருப்பியே சரிசெய்துவிடலாம்.

புதூர் சித்தப்பா (7:41)
சீட் கிடைக்காது என்று ஏன் கவலைப்படுகிறீர்கள்? அளவைக் கொடுத்தால் டெஃப்லானிலோ டெல்ரினிலோ லேத்தில் கடைந்து கொடுத்துவிடுகிறேன். ஓ-ரிங் மதுரையிலேயே எல்லா அளவிலும் கிடைக்கும்.

தூத்துக்குடி மச்சான் (7:48)
ஓ-ரிங்கை ஒப்புக்கொள்கிறேன் மாமா, அளவும் கடினத்தன்மையும் ஒத்திருந்தால் போதும்; உயர் அழுத்தப் பக்கத்துக்கு 90 டூரோ கடினத்தன்மை கேட்டு வாங்க வேண்டும். சீட்டை மட்டும் கடைய வேண்டாம். 200 பாரை ஒரு மெல்லிய விளிம்பின் மேல் அமர்ந்து தடுக்கிற பொருள் அது, கொஞ்சம் மென்மையாக இருந்தால் பள்ளம் விழும், கொஞ்சம் கடினமாக இருந்தால் கசியும்.

புதூர் சித்தப்பா (7:50)
நியாயம்தான். அந்த விளிம்பில் கீறல் விழுந்தால் என்ன செய்வது?

தூத்துக்குடி மச்சான் (7:58)
அதற்குப் பயந்துதான் இரும்பு ஊசியால் ஓ-ரிங் எடுக்கக் கூடாது என்கிறோம். பித்தளையிலோ பிளாஸ்டிக்கிலோ செய்த கொக்கிதான் வேண்டும். உடலும் பித்தளை, மேலே குரோமியம் பூசியது, ஆகவே ஒரு கீறல் போதும் காற்று வழி கண்டுபிடிக்க. மாமா, பித்தளைக் கம்பியில் இரண்டு கொக்கி செய்து தந்தால் பேருதவி. இன்னொன்று, குழாய் மாட்டும் துளைகளின் மரை எல்லாம் அங்குலக் கணக்கு: குறை அழுத்தத் துளை 3/8-24, உயர் அழுத்தத் துளை 7/16-20. மரை வெட்டும் உங்கள் மெட்ரிக் டேப் எதையும் அதில் விட்டுவிடாதீர்கள்.

திருநகர் அத்தை (8:03)
நீங்கள் இருவரும் பேசுவதைப் படிக்கப் படிக்க எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. வீட்டில் பிரித்து மாட்டியதைக் கடித்துக்கொண்டு பிள்ளை கடலுக்குள் போய், அங்கே அது அடைத்துக்கொண்டால் என்ன செய்வான்?

தூத்துக்குடி மச்சான் (8:15)
அம்மா, நான் பழுதுபார்ப்புப் பயிற்சி முடித்தவன், முதல் மூன்று முறையும் நான் பக்கத்தில் இருக்கும்போதுதான் அவன் பிரிப்பான். இன்று புழங்கும் இரண்டாம் நிலைகளில் பெரும்பாலானவற்றில் வால்வு காற்று வரும் திசையிலேயே திறக்கிறது. முதல் நிலையின் சீட் பழுதாகி அழுத்தம் ஏறினால், அது அடைத்துக்கொள்ளாமல் காற்றைக் கொட்டத் தொடங்கும். உருளை வேகமாகக் காலியாகும் என்பது உண்மைதான், அதனால் அந்த நிமிடமே துணை மூழ்கியோடு மேலே வந்துவிட வேண்டும்.

திருநகர் அத்தை (8:17)
கடலுக்கு முன்னால் நீச்சல் குளத்தில் பார்க்காமல் நான் விடமாட்டேன்.

நான் (8:24)
குளத்தில்தான் முதலில் பார்ப்பேன் அத்தை. மச்சான், மாட்டி முடித்த பிறகு சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தூத்துக்குடி மச்சான் (8:37)
இடைநிலை அழுத்த கேஜ் ஒன்று வாங்கிவிடு. மிதவைச் சட்டையில் காற்றடிக்கும் குழாயின் நுனியிலேயே அதை மாட்டலாம். உருளையைத் திறந்து, இரண்டாம் நிலையில் காற்றை வெளியேற்றும் பர்ஜ் பொத்தானைப் பல முறை அழுத்தி விடு. ஒவ்வொரு முறையும் முள் சட்டென்று இறங்கி, மேலேறி, ஒரே இடத்தில் நிற்க வேண்டும். நின்ற பிறகும் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால் சீட் பிடிக்கவில்லை என்று பொருள், மறுபடியும் பிரிக்க வேண்டியதுதான். பத்து நிமிடம் பொறுமையாகப் பார். நான் முதன்முதலில் மாட்டியபோது ஐந்தாவது நிமிடத்தில்தான் முள் நகரத் தொடங்கியது.

பச்சை படிந்த உறுப்புகளை வெள்ளை வினிகரும் தண்ணீரும் கலந்து சில நிமிடம் ஊறவைத்து நல்ல நீரில் அலசினால் போதும். நீ சாதாரணக் காற்றைத்தான் சுவாசிக்கிறாய் என்பதால் சிலிகான் கிரீஸ் போதும். சுவாசிக்கும் கலவையில் ஆக்சிஜன் 40 விழுக்காட்டைத் தாண்டினால் சிலிகான் கிரீஸைத் தொடவே கூடாது.

நான் (8:52)
அப்படியானால் எம்கே2 வகையையே எடுக்கிறேன், இரண்டாம் நிலைக்கு ஆர்195. மூழ்கி வந்த அன்றே, முதல் நிலையின் வாயை அடைக்கும் தூசி மூடியை உலர்த்தி இறுக மாட்டி, பர்ஜ் பொத்தானை அழுத்தாமல், நல்ல தண்ணீரில் ஊறவைத்துவிட்டால் ஸ்பிரிங் அறையின் உப்பு கரைந்துவிடும் அல்லவா? மணல் தங்கினாலும், மூடியைக் கழற்றிப் பார்க்க எனக்கே தெரியும் என்பது டயாஃப்ரத்தைவிடப் பெரிய நிம்மதி. ஒரு கிட் கையிருப்பில் வந்து சேர்ந்த பிறகுதான் ரெகுலேட்டருக்குப் பணம் கட்டுவேன்.

தூத்துக்குடி மச்சான் (8:55)
என் மனம் இன்னும் டயாஃப்ரம் பக்கம்தான், இருந்தாலும் கற்றுக்கொள்ள உன்னுடையதே நல்லது. கிட் வந்ததும் சொல், மதுரைக்கு வருகிறேன்.

புதூர் சித்தப்பா (9:02)
பட்டறையில் இரும்புத் தூள் பறக்கும், அங்கே வேண்டாம். மாடி அறையில் மேசையைத் துடைத்து வெள்ளைத் துணி விரித்து வைக்கிறேன், மூடியைத் திறக்க என்ன அளவு ஸ்பேனர் வேண்டும் என்று மட்டும் முன்கூட்டியே எழுதுங்கள்.